தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவே நின்ற நடீன் ஹாலரன் அம்மையாருக்கு

அன்பின் அணையா அடுப்பே! அலுவலகத்தின் அச்சாணியே! பதறி வந்த பெற்றோரின் பற்றுக்கோடே, பாதி நிரப்பிய படிவங்களின் பரம பகையே! முத்திரை இல்லாத தாளை மூன்றடி தூரத்திலேயே மோப்பம் பிடிக்கும் முறைமையின் மூர்த்தியே! முப்பத்தொரு பனிக்காலங்கள் பரிந்துரைப் பிரிவின் மூன்றாம் மேசையில், வெள்ளிக்கிழமைப் பிற்பகல்கள் நீங்கலாக, முகம் சுளிக்காமல் வீற்றிருந்த எங்கள் நடீன் ஹாலரன் அம்மையாரே!

தங்களை வணங்கி, வாழ்த்தி, கொஞ்சம் வம்புக்கும் இழுத்து, இந்த இராணுவ அகாதமியின் சேர்க்கை அலுவலகப் பணியாளர்களாகிய நாங்கள் தங்கள் பணி ஓய்வு நாளில் வாசித்தளிக்கும் மடல் இது. இதை எழுதும் பொறுப்பு தங்கள் பக்கத்து மேசைக்காரரான வெண்டல் புரூயிட்டின் தலையில் விழுந்தது. மடல் எழுதுகிறவர் தன்னை ‘நான்’ என்று சொல்லிக்கொள்வது அவையடக்கத்துக்கு அழகல்ல என்று எங்கள் மேலதிகாரி மேஜர் ஓஸ்லன்ட் கட்டளையிட்டுவிட்டார். ஆகையால் வெண்டல் இதில் வெண்டல் என்றே வருவார். அவர் செய்த ஒரு கோணல் வேலையும் வெண்டல் செய்ததாகவே வரும்.

தங்கள் மேசையின் மகிமை அறியாதார் இந்த அவையிலும் சிலர் இருப்பார்கள். கேக்குக்காக வந்த தளவாடப் பிரிவினரைச் சொல்கிறோம். அவர்கள் பொருட்டு ஒரு சொல். இந்த அகாதமிக்குள் நுழைய மதிப்பெண் மட்டும் போதாது, மைல் கணக்கில் ஓடினாலும் போதாது. முறைப்படி ஒருவர் பரிந்துரைத்தாக வேண்டும். ஊரார் அதற்குத் தங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் வாசலிலும் செனட்டரின் வாசலிலும் தவம் கிடப்பார்கள். ஆனால் படைக்குத் தன் வாழ்வைக் கொடுத்த குடும்பங்களுக்குச் சட்டம் தனியாகச் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவுகளுக்கு எந்த அரசியல்வாதியின் தயவும் தேவையில்லை. நேராக இந்த அலுவலகத்துக்கு எழுதினால் போதும், அதாவது தங்களுக்கு.

எட்டு ஆண்டு இடைவிடாமல் பணியில் இருப்பவரின் பிள்ளையா, அல்லது ஓய்வூதியம் பெறும் படையினரின் பிள்ளையா, நாட்டு அதிபரின் பெயரால் பரிந்துரை. பணியால் உயிர் நீத்தவரின் பிள்ளையா, பணியால் நூறு விழுக்காடு ஊனமுற்றவரின் பிள்ளையா, அதற்கென்று வேறு கதவு. தானே சிப்பாயாக இருப்பவரா, தளபதி ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டால் அதற்கும் ஒரு கதவு. வீரத்துக்கான உச்சப் பதக்கம் பெற்றவரின் பிள்ளைக்கோ எண்ணிக்கை வரம்பே இல்லை. அந்த உறையை மட்டும் தாங்கள் எழுந்து நின்று பிரிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எந்தக் கதவில் வந்தாலும் தாங்கள் ‘வாழ்த்துகள்’ என்று சொன்னதே இல்லை. பரிந்துரை என்பது கதவு திறந்திருக்கிறது என்பதற்கான சான்று மட்டுமே, உள்ளே நாற்காலி கிடைத்ததாக அர்த்தமில்லை என்று ஆயிரம் முறை தொலைபேசியில் விளக்கியிருப்பீர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்களில் ஒவ்வொருவருக்கும் அது மனப்பாடம்.

தங்கள் பொறுமையைப் புகழப் புகுந்தால் பொழுது போதாது. ஓக்லஹோமாவிலிருந்து ஒரு தாய் அழைத்தார். அதிபர் பரிந்துரைப்பதென்றால் அவர் வீட்டுக்குத் தொலைபேசி செய்வாரா, நேரில் வருவாரா, வந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சி வறுவல் பிடிக்குமா என்று கேட்டார். தாங்கள் சிரிக்கவில்லை. அதிபருக்கு உங்கள் மகனைத் தெரியாது, தெரியவும் போவதில்லை, ஆனால் உங்கள் கணவரின் பணிச்சான்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அதை அனுப்புங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னீர்கள். அழைப்பை வைத்த பிறகுதான் மேசைக்குக் கீழே குனிந்து கண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

டெக்சாஸ் படைப்பிரிவு ஒன்றின் தளபதி, தன்னிடம் இருந்த லாரி மெக்கானிக் ஒருத்திக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். அவள் போனால் தன் வண்டிகளெல்லாம் வழியில் படுத்துவிடும் என்பது அவர் வாதம். கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைத்த பெண் வேறொரு வழியில் உள்ளே வந்து, படித்து, நாளைக்கு உங்களுக்கே மேலதிகாரியாக வந்தால் இந்தக் கதையை நினைவில் வைத்திருப்பாள் அல்லவா என்று தாங்கள் மெல்லக் கேட்டீர்கள். பத்து நிமிடத்தில் கடிதம் வந்தது. அதில் இரண்டு இடத்தில் ‘ஒப்பற்ற’ என்ற சொல் இருந்தது.

தங்கள் குறைகளையும் சொல்லாவிட்டால் இது புகழுரையாகாது, பொய்யுரையாகிவிடும். பொது விருந்துகளுக்குத் தாங்கள் கொண்டுவரும் சூரைமீன் நூடுல்ஸ் பாத்திரத்தை முப்பத்தொரு ஆண்டும் நாங்கள் காலி செய்தோம் என்றால் அது பசியால் அல்ல, பயபக்தியால். எங்கள் பேனாக்களையெல்லாம் தாங்களே எடுத்துக்கொண்டு, எடுத்தது யாரென்று எங்களையே விசாரித்திருக்கிறீர்கள். அலுவலகத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு கேப்டனையும் முதல் வாரத்தில் அழ வைத்து, இரண்டாம் வாரத்தில் அவருக்குப் பிறந்தநாள் அட்டை வாங்கினீர்கள். இந்தச் சின்னச் சின்னப் பாவங்களெல்லாம் இன்றோடு மன்னிக்கப்படுகின்றன. பேனாக்களைத் திருப்பித் தந்தால் போதும்.

இவ்வளவோடு மடலை முடித்துக்கொள்ளலாம். தங்கள் விருப்பமும் அதுதான் என்பது எங்களுக்குத் தெரியும். ‘பழசைக் கிளறாதீர்கள்’ என்று சென்ற வாரமே எச்சரித்தீர்கள். தங்கள் பேச்சை முப்பத்தொரு ஆண்டு கேட்டாயிற்று. இன்று ஒரு நாள் கேட்காமல் இருக்கப் போகிறோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி அது. விண்ணப்பம் முடியும் நாள் அம்மாதம் முப்பத்தொன்று. மேசைகளில் கோப்புகள் இடுப்புயரம் நின்றன. காலை பத்து மணி இருக்கும். தாங்கள் ஒரு கோப்பைப் பிரித்தீர்கள், முதல் பக்கத்தைப் பார்த்தீர்கள், மூடினீர்கள். எழுந்து வந்து அதை வெண்டலின் மேசையில் கவிழ்த்து வைத்து, “இது என்னுது இல்ல” என்றீர்கள். அதற்குப் பிறகு, காபியே குடிக்காத தாங்கள், போய் ஒரு குவளை காபி ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் நின்று ஆற்றில் பனிக்கட்டி மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கோப்பின் முகவரி தங்கள் வீட்டு முகவரி. விண்ணப்பித்தவர் டிரெவர் ஹாலரன், தங்கள் ஒரே மகன், வயது பதினெட்டு ஆகவில்லை. காங்கிரஸ் உறுப்பினரின் பட்டியலிலும் செனட்டர்களின் பட்டியலிலும் பெயர் வராததால், ஊனமுற்ற படைவீரரின் பிள்ளை என்ற கட்டத்தில் குறி போட்டு அனுப்பியிருந்தான். தாய் இதே வேலையில் இருக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா பிடித்துத் தூக்கிவிட்டாள் என்று நாளைக்கு ஒருவன் சொல்லிவிடக் கூடாதே என்ற ரோஷம். ரோஷத்தில் தாயைக் கொண்ட பிள்ளை.

அவன் செய்த தவறு இந்த வட்டாரத்துப் படைவீரர் குடும்பங்கள் எல்லாமே செய்கிற தவறுதான். தங்கள் கணவர் மெல்வின் ஐந்தாண்டு பொறியாளர் படையில் இருந்தார். பாலைவனப் போரில் லாரி கவிழ்ந்து கணுக்கால் நசுங்கியது. அதோடு ஒப்பந்தக் காலத்தை முடித்துக் கைத்தடியோடு வீடு வந்தார். சில ஆண்டுகளில் அந்தக் கணுக்கால் அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். கால், முதுகு, காது எல்லாவற்றையும் கூட்டி முன்னாள் படைவீரர் நலத்துறை அவருக்குத் தொண்ணூறு விழுக்காடு போட்டது. அந்தத் துறையின் கூட்டலே தனி. அங்கே ஐம்பதும் ஐம்பதும் சேர்ந்தால் நூறு வராது, எண்பதுதான் வரும். தொண்ணூறு வாங்கியவரை ஊரில் எல்லோரும் முழு ஊனம் என்றே சொல்வார்கள். ஒரு கால் போனவனுக்கு இதற்கு மேல் என்ன போக வேண்டும் என்றுதான் டிரெவரும் நினைத்திருப்பான். ஆனால் சட்டம் கேட்பது நூறு. ஐந்தாண்டுப் பணியும் ஓய்வூதியம் இல்லாமையும் அதிபரின் கதவையும் அடைத்துவிட்டன. அந்த ஜனவரியில் அவனுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு கதவுதான். அதற்கும் பத்து விழுக்காடு குறைந்தது.

இங்கேதான் வெண்டலின் கோணல் வேலை வருகிறது. அன்று மதிய உணவு இடைவேளையில் அவர் வெளியே போய், பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பணிமனைக்கு, அதாவது மெல்வின் வேலை செய்யும் இடத்துக்கு, தொலைபேசியில் பேசினார். மறுமதிப்பீட்டுப் படிவம் என்று ஒன்று இருக்கிறது, முதுகையும் தூக்கமின்மையையும் சேர்த்து எழுதினால் நூறு கிடைத்துவிடும், விண்ணப்பத்தை மட்டும் முப்பத்தொன்றுக்குள் ஏற்றுக்கொண்டு சான்றுக்கு மார்ச் வரை காத்திருக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தது யார் என்று தாங்கள் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்கவில்லை. தெரிந்தே கேட்கவில்லை என்பதும் வெண்டலுக்குத் தெரியும். இன்று அவையறிய ஒப்புக்கொள்கிறார். மன்னிப்பும் கேட்கிறார்.

நான்கு நாள் கழித்து மெல்வின் வந்தார். தங்கள் கணவர் என்று உள்ளே நேராக வராமல், பெற்றோருக்கான வரிசைச் சீட்டைக் கிழித்துக்கொண்டு, இருபத்துமூன்றாம் எண்ணோடு பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்துக்குப் போடும் கோட்டை அணிந்திருந்தார். எண் வந்ததும் முகப்புக்கு எழுந்து வந்து, மடித்த தாளைத் தங்கள் முன் வைத்தார். அன்று முகப்பில் தாங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு தட்டச்சு செய்வதுபோல் இருந்தோம். ஒருவர் விசையும் ஒலிக்கவில்லை.

“வணக்கம் மேடம். பையன் அப்ளிகேஷன் போட்ருக்கான். இந்தத் தாள் குடுத்தா நூறு ஆயிடும்னு ஒரு நல்ல மனுஷன் சொன்னாரு. ஆகுமா?”

“ஆகும்” என்றீர்கள். “உங்க டாக்டர் எழுதுனா ஆகும். இதுல ஒரு வரி இருக்கே, படிச்சீங்களா?”

“படிச்சேன். எந்த வேலையும் தொடர்ந்து செய்ய முடியாத நெலமன்னு போட்ருக்கு.”

“போன சனிக்கெழம கூர மேல ஏறி பனி தள்ளுனது யாரு?”

“நாந்தான்.”

“எறங்குன்னு கீழ நின்னு கத்துனது யாரு?”

“நீதான்.”

மேடம் என்று தொடங்கியவர் நீ என்று முடித்தபோது எங்களில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். தாங்கள் அந்தத் தாளை அவர் பக்கமாகத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தீர்கள். பேனாவையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தீர்கள். போடாதீர்கள் என்று சொல்வது என் வேலை இல்லை, போடுங்கள் என்று சொல்வதும் என் வேலை இல்லை, அது உண்மையென்றால் போடுங்கள் என்றீர்கள். எந்தப் பெற்றோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னீர்கள். 

மெல்வின் பேனாவைத் தொடவில்லை. “அவனுக்கு வேற வழி இல்ல, நடீன்.”

“இருக்கு” என்றீர்கள். “நீளமான வழி.”

சிப்பாயாகச் சேர்ந்து, தளபதியின் கடிதத்தோடு திரும்பி வரும் வழியைச் சொன்னீர்கள். அது எவ்வளவு நீளம் என்பது தங்களைவிட யாருக்குத் தெரியும்? அவர் தாளை எடுத்து மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் காத்திருந்த மற்றப் பெற்றோருக்குத் தொப்பியைத் தொட்டுவிட்டு வெளியே போனார். படிக்கட்டில் பனி உறைந்திருந்தது. கைப்பிடியைத் தொடாமல் இறங்கினார். தாங்கள் ஜன்னல் வழியே கடைசிப் படிவரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு வெண்டலின் மேசைக்கு வந்து மறுப்புக் கடிதத்தை இன்றே அனுப்பிவிடு என்றீர்கள். வெண்டல் விடவில்லை. “ரெண்டு மாசம் இந்த ஃபைல இங்கயே வெச்சிருந்தா குடியா முழுகிடும்? அவர் மனசு மாறலாம். யாருக்குத் தெரியப் போவுது?” என்று கேட்டார். தாங்கள் சொன்ன பதில் இந்த அலுவலகத்தின் சுவரில் எழுதப்பட வேண்டியது.

“மெல்வினுக்குத் தெரியும். டெய்லி காலைல அந்தக் கால எடுத்து மாட்டுறப்ப, பையனுக்காகப் பொய் சொன்னோமேன்னு தெரியும். அந்தப் பொய்ய அவர் தலைல நான் கட்ட மாட்டேன்.”

கடிதத்தில் கையொப்பமிட வேண்டியவர் வெண்டல். உறவினர் கோப்பைத் தொடக் கூடாது என்பது விதி. ஆனால் கடிதத்தின் வாசகம் தங்களுடையது. தகுதியில்லை என்று ஒற்றை வரியில் இருந்த பழைய மறுப்புக் கடிதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆண்டுகளுக்கு முன் தாங்களே எழுதிய வாசகம் அது: ‘தங்கள் தந்தையார் முழுமையாக ஊனமுற்றவர் அல்லர் என்பதை இவ்வலுவலகம் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறது. அந்தக் காரணத்தாலேயே இப்பிரிவில் தங்களைப் பரிந்துரைக்க இயலவில்லை.’ இந்த ‘மகிழ்ச்சியோடு’ என்ற சொல்லை அடித்துவிடச் சொல்லி மூன்று மேஜர்கள் தங்களோடு போராடித் தோற்றிருக்கிறார்கள். பையனுக்கு இடம் இல்லை என்பதில் என்ன மகிழ்ச்சி என்று கேட்டார்கள். மகிழ்ச்சி பையனைப் பற்றியது அல்ல என்று மட்டும் தாங்கள் சொன்னீர்கள். அன்று அந்தச் சொல்லின் மேல் வெண்டலின் கை நடுங்கியது. கையொப்பமிட்டார். கடிதம் தங்கள் வீட்டுக்கே போனது. மறுநாள் மாலை தபால் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொண்டுபோய் மகன் கையில் கொடுத்ததும் தாங்களே.

டிரெவர் தங்களோடு மே மாதம்வரை பேசவில்லை. உப்பை எடு என்றுகூடச் சொல்லவில்லை என்று ஒருநாள் சொன்னீர்கள். சொல்லிவிட்டுக் கோப்பைத் தேடுவதுபோல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அந்த நான்கு மாதமும் அவன் வயதுப் பிள்ளைகளின் கோப்புகள்தான் தங்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. ஒன்றில்கூட ஒரு காற்புள்ளி தவறவில்லை. எங்களில் சிலர் தங்கள்மேல் கோபமாக இருந்தோம் என்பதையும் இன்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தைச் சட்டையாகப் போட்டுக்கொண்ட தாய் என்று பின்னால் பேசினோம். வெண்டல்தான் அதிகம் பேசினார்.

பள்ளி முடிந்ததும் டிரெவர் சிப்பாயாகச் சேர்ந்து ஹெலிகாப்டர் பழுதுபார்க்கப் பழகினான். இரண்டாம் ஆண்டில் அவனுடைய தளபதியே கடிதம் எழுதி அனுப்பினார். கோப்பு வந்த அன்று தாங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டீர்கள். பரிந்துரை கிடைத்தது. இடம் கிடைக்கவில்லை, அவனைவிட மதிப்பெண் கூடியவர்கள் அந்த ஆண்டு நிறையவே இருந்தார்கள். கதவும் நாற்காலியும் வேறு வேறு என்பது தங்கள் வீட்டிலேயே மெய்யாயிற்று. இன்று டிரெவர் சார்ஜென்ட். சென்ற கோடையில் இங்கு வந்தபோது நாங்கள் துக்கம் விசாரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பேச, அவர் சிரித்துவிட்டார்.

“அட போங்க சார். லெப்டினன்ட் ஆயிருந்தா ஏதாவது ஒரு சார்ஜென்ட்கிட்ட டெய்லி திட்டு வாங்கிட்டு இருந்திருப்பேன். இப்ப நான் திட்டுறேன்.”

பெருமைக்குரியவரே! இவ்வளவும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்று மட்டும் தெரியாமல் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன், இந்த விழா மேடைக்குத் தங்கள் இளவயதுப் படம் ஒன்று வேண்டுமென்று, தாங்கள் அலுவலகத்தில் இருந்த நேரம் பார்த்து வெண்டலும் மேஜர் ஓஸ்லன்ட்டும் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். மெல்வின் ஒரு பெட்டிப் படத்தைக் கொட்டிக் காட்டினார். பிறகு, வாங்க, இன்னொன்றும் பாருங்கள் என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார். சேற்றுக் காலணிகளைக் கழற்றும் சின்ன அறை. அங்கே ஒரு மர இருக்கை. காலையில் உட்கார்ந்து அவர் செயற்கைக் காலை மாட்டுகிற இடம். அதற்கு நேரெதிரே, உட்கார்ந்தால் கண்ணில் படுகிற உயரத்தில், அந்தக் கடிதம் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியும் மரச்சட்டமும் போட்டு, கீழே வெண்டல் புரூயிட் என்ற நடுங்கிய கையெழுத்தோடு.

வெண்டல் குனிந்து தன் கையெழுத்தைப் பார்த்தார். மெல்வின்தான் பேசினார்.

“பையன் கசக்கிப் போட்டான், நான் எடுத்து அயர்ன் பண்ணி மாட்டிட்டேன். இத ஒரு தடவ படிச்சிட்டுத்தான் கால மாட்டுவேன். ஊர்ல எல்லாரும் என்னப் பாத்து பாவம்னு சொன்னாங்க. முழுசா ஒடஞ்சவன் இல்லடான்னு எழுத்துல குடுத்தது இவ ஒருத்திதான். அதுவும் சந்தோஷமா குடுத்தா.”

அன்னாய்! முப்பத்தொரு ஆண்டுகளில் இந்த அலுவலகத்திலிருந்து எத்தனையோ பேருக்கு ‘ஆம்’ என்று கடிதம் போயிருக்கிறது. அவற்றில் எத்தனை மரச்சட்டத்துக்குள் தொங்குகின்றன என்று எங்களுக்குத் தெரியாது. ‘இல்லை’ என்று போன கடிதம் ஒன்று ஒரு மனிதரை நாள்தோறும் எழுந்து நிற்க வைத்துக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் கண்ணால் கண்டோம். தங்களுக்குப் பின்னால் பேசிய வாயால் இன்று முன்னால் நின்று சொல்கிறோம்: நாங்கள் நினைத்தது தவறு, தாங்கள் செய்தது சரி.

இனித் தங்கள் காலைகள் தங்களுக்கே ஆகட்டும். ஆற்றுப் பனி உருகும் வசந்தங்கள் பலவற்றைத் தாங்கள் நோயின்றி, நொடியின்றி, நெருங்கியவர் சூழக் காண்க! மகன் விடுப்பில் வரும்போதெல்லாம் மேசையில் உப்பைக் கேட்டு வாங்கிச் சண்டையிட்டுச் சிரித்து மகிழ்க! மெல்வின் கூரையேறும் சனிக்கிழமைகளில் கீழே நின்று கத்தும் வலிமை தங்கள் தொண்டைக்கு என்றும் குறையாதிருக்க!

மரபுப்படி இந்த மடலையும் கண்ணாடி போட்டுத் தருகிறோம். வரவேற்பறையில் மாட்ட வேண்டாம். பின்கட்டில், அந்தக் கடிதத்துக்குக் கீழே, ஒரு சாண் இடம் விட்டு ஆணி அடித்துவிட்டதாக மெல்வின் நேற்றுச் சொல்லி அனுப்பினார். மேலே இடம் இருக்கிறதே என்று மேஜர் கேட்டாராம். மேலே எதுவும் வராது என்றாராம் மெல்வின். எங்களுக்கும் அதுவே சம்மதம்.

தங்கள் மூன்றாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து உண்மை இன்னதென்று கற்றுக்கொண்ட
சேர்க்கை அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்,
அவர்களுக்காக இம்முறை கை நடுங்காமல் கையொப்பமிடும்
வெண்டல் புரூயிட்